பதினோராம் வீடு

சீமையிலிருந்து அந்தத் தாள்கட்டு வந்து சேர்ந்தபோது அண்ணனின் பையன் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு அது தெரியாது. பழுப்பு உறை, குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு, ஒரு மூலையில் நனைந்து உலர்ந்த தடம். நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி முகவரிக்குத்தான் அவர் எப்போதும் எழுதுவார். நிட்டிங் மிஷினை நிறுத்திவிட்டு, கையிலிருந்த எண்ணெயைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டு பிரித்தேன். உள்ளே ஒரே மாதிரியாக நாற்பது தாள்கள் இருந்தன. இங்கிலீஷில் டைப் அடித்த கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் அண்ணனின் சாய்ந்த கையெழுத்தில் தமிழ். வீட்டில் எத்தனை பேர். குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது. கக்கூஸ் உண்டா. ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள். கடைசி ஒரு வருடத்தில் பிள்ளை ஏதாவது தவறியதா, தவறியது என்றால் என்ன வயது, எதனால்.

அந்தக் கடைசிக் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாரோ என்று முதலில் நினைத்தேன். பிறகு கூட வந்த கடிதத்தைப் படித்தேன். வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த ஒரு தெருவைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அண்ணன் எங்கள் தெருவை எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒரு தாள், பேர் எழுதக் கூடாது, எண் மட்டும் போட வேண்டும், பேர் கேட்டால் சனங்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், குழாயடியிலிருந்து ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்துப் போ என்று எழுதியிருந்தார். கடைசி வரி வழக்கம்போல: பையன் இப்போது என்னென்ன பேசுகிறான்?

அண்ணனும் நானும் இரண்டே பேர். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் நன்றாகப் படித்தார். எனக்குப் பரீட்சை என்றாலே பயம். ஏழாவதில் பாதியோடு நின்று பனியன் கம்பெனிக்குப் போய்விட்டேன். அங்கேயும் பயம்தான். மிஷினில் ஒரு ஊசி உடைந்தால் துணியில் மேலிருந்து கீழ்வரை கோடு விழுந்துவிடும் என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டைப் பூட்டினால் பாதித் தெரு போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அண்ணன் அப்படி இல்லை. கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. முடித்து, சுகாதார இன்ஸ்பெக்டராகி, அம்மை குத்த வீடு வீடாகப் போய் வசவு வாங்கிக்கொண்டு சிரித்தபடி வருவார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்கு ஒரு உதவித்தொகை கிடைத்தது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படிக்க இரண்டு வருடம். கப்பலில் போனார். அப்போது பையனுக்கு ஒன்பது மாதம்.

அங்கே அவர் வகுப்பில் இருந்தவர்களை எல்லாம் எங்களுக்குக் கடிதத்திலேயே தெரியும். கானா நாட்டுக்காரர் ஒருவர் அவருடைய அறையில் கூட இருந்தார்; குளிர் தாங்காமல் படுக்கைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டே வகுப்புக்கு வந்துவிடுவாராம். சூடானிலிருந்து ஒரு டாக்டர். சிலோனிலிருந்து ஒரு அம்மா. அவர் அப்பளம் பொரித்த புகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரக் கிழவி தீப்பிடித்துக்கொண்டது என்று தெருவுக்கு ஓடினாளாம். நோயைப் பற்றிப் படிப்பதற்காக, நோய் உள்ள ஊர்க்காரர்கள் எல்லாரும் நோய் இல்லாத ஊருக்கு வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு தடவை எழுதினார். நான் அதைப் படித்துக் காட்டியபோது அண்ணி சிரித்தார். அண்ணி பொங்கலூர்ப் பக்கம். பள்ளிக்கூடம் போனதில்லை. கடிதம் படிப்பதும் எழுதுவதும் அவருக்காக நான்தான்.

பையன் போனதையும் சொல்லிவிடுகிறேன். அது சித்திரை மாதம். காலையில் வாந்தியும் பேதியுமாக ஆரம்பித்தது. எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் வயிறு போகிற குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். ஊற்றுவதை நிறுத்தினால் போவது நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் நம்பினார்கள். சாயங்காலத்துக்குள் பையனின் கண் குழி விழுந்துவிட்டது. அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. தண்ணீர்ப் பானை இருந்த மூலையைக் கையால் காட்டிக்கொண்டே இருந்தான். அம்மா வைத்தியரைக் கூட்டிவரப் போயிருந்தார். வீட்டில் அண்ணியும் நானும்தான். அண்ணி சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, ஒரு வாய் குடுத்துப் பாக்கட்டுங்களா? நாக்கு ஒட்டிப்போயிருக்குதுங்க."

எனக்கு எது சரி என்று தெரியாது. கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது, அண்ணனுக்கு யார் பதில் சொல்வது என்றுதான் மனதில் ஓடியது. "வேண்டாங்க அண்ணி, அம்மா வரட்டும்" என்று சொல்லி அவர் கையிலிருந்து சொம்பை வாங்கி, பையனின் கண்ணுக்குப் படாமல் பரண் மேல் வைத்தேன். வைத்தியர் வந்து ஏதோ சூரணம் கொடுத்தார். மறுநாள் உச்சிவேளையில் குதிரைவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மார்க்கெட் திருப்பத்தைத் தாண்டும்போது அண்ணி, "வண்டியத் திருப்பச் சொல்லுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொன்னார். சொன்னால் படிப்பைப் போட்டுவிட்டு வந்துவிடுவான் என்பது ஒன்று. இன்னொன்றையும் சொன்னார்: "அவனுக்கு அங்க உழுந்து அழுகறதுக்கு ஒரு மடி இருக்குதா சாமி? இங்க வரட்டும். வந்து அழுகட்டும்." அம்மா கல்நெஞ்சுக்காரர் இல்லை. தெருவிலும் அப்படியே சொல்லி வைத்தார். யாரும் எழுதவில்லை. அண்ணியிடம் யாரும் கேட்கவில்லை.

பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் நான் எழுத வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் அண்ணன் பையனைப் பற்றிக் கேட்பார், ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். எங்கள் தெருவில் தையல்காரப் பாய் ஒருவர் இருந்தார். என் கம்பெனியில்தான் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷின் அடித்தார், அண்ணனுக்குச் சிறு வயதுக் கூட்டாளி. அவருடைய மகளுக்கும் எங்கள் பையனுக்கும் ஒரு மாதம்தான் வித்தியாசம். அந்தக் குழந்தை புதிதாக என்ன பேசுகிறது, எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வேன். அதை எங்கள் பையன் பேசியதாக எழுதுவேன். நிலாவைப் பார்த்து "வா" என்கிறான். கோழியை விரட்டுகிறான். செருப்பை மாற்றிப் போட்டுக்கொள்கிறான். இரண்டு மூன்று கடிதத்துக்குப் பிறகு, நான் எழுதி முடித்ததும் அண்ணி அடுப்படியிலிருந்தே கேட்க ஆரம்பித்தார்: "இன்னைக்கு என்ன பேசுனானுங்க?" நான் படித்துக் காட்டுவேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். அந்த வீட்டில் அப்போது எதற்கும் யாரும் அழவில்லை. சோறு வெந்தது, தின்றோம். நான் கம்பெனிக்குப் போய் வந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் தாள்கட்டு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவுக்கு இறங்கினேன். அண்ணியும் கூட வந்தார். ஆம்பளை தனியாகப் போய்ப் பொம்பளைகளிடம் பிள்ளை பெற்ற கதை கேட்க முடியாது என்பதால் அம்மாவே அனுப்பினார். வீடு வீடாக அண்ணி கேட்க, நான் எழுதினேன். தவறிய பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிற இடம் வரும்போது அந்தப் பெண்கள் அண்ணி முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். அண்ணி, "சொல்லுங்க அக்கா, படிப்புக்குக் கேக்கறாங்க" என்பார். எங்களோடு சேர்த்து முப்பத்தாறு வீடு. மற்றதெல்லாம் முடிந்து எங்கள் வாசலுக்கு வந்ததும் நான் தாளை மடித்தேன்.

"நம்ம ஊட்டையும் எழுதுங்க தம்பி."

"அம்மா சொல்லியிருக்காங்களே அண்ணி."

"பேரு போடறதில்லைன்னு நீங்கதான சொன்னீங்க."

நான் நின்றேன். எழுதவில்லை என்றால் அண்ணி பேசுவதையே நிறுத்திவிடுவாரோ என்று பயம். எழுதினால் அண்ணன் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். கடைசியில் இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒன்றைச் செய்தேன். எங்கள் வீட்டை எழுதினேன்: வயது ஒன்று, பேதி, ஒன்றரை நாள். ஆனால் எண்களை எல்லாம் ரப்பரால் அழித்து, குழாயடியிலிருந்து போடாமல் தெருவின் மறுகோடியில் இருந்த கோயிலடியிலிருந்து போட்டேன். அதை அண்ணனுக்கு எழுதவில்லை. அப்படிப் பார்த்தால் எங்கள் வீடு பதினொன்று. குழாயடியிலிருந்து எண்ணினால் பதினோராவது வீடு யாருடையது என்று நான் யோசிக்கவே இல்லை. எதையும் நூறு தடவை சரிபார்க்கிற நான் அதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் தையல்காரப் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நீல விமானக் கடிதம். எப்போதும் வாசலிலிருந்தே கேலி பேசிக்கொண்டு வருகிறவர் அன்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசாமல் உள்ளே வந்தார். அம்மா முறத்தில் பருப்பு பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கதவோரம் நின்றார்.

"தம்பி, உங்கண்ணன் அங்க உக்காந்துட்டு என்ற புள்ளைக்காக அழுதுட்டு இருக்காருங்க" என்றார் பாய். "என்ற புள்ள இதா, வாசல்ல மண்ணத் தின்னுட்டு இருக்குது."

எனக்கு உடனே விளங்கியது. தெருவைக் குழாயடியிலிருந்து மனதுக்குள் எண்ணினேன். பாய் வீடு பதினொன்று.

பாய் கடிதத்தை அம்மாவிடம் நீட்டினார், பிறகு என்னிடம் நீட்டினார். நான் கை நீட்டவில்லை. அண்ணிதான், "படிங்க பாய்" என்றார். அவர் தயங்கி, நின்றபடியே படித்தார். அண்ணன் எழுதியிருந்தது எனக்கு இன்னும் வரிவரியாக நினைவிருக்கிறது. நண்பா, பேர் எழுதாத தாளில் உன் வீட்டை அடையாளம் கண்டுகொண்டேன், மன்னித்துக்கொள். நாம் இரண்டு பேரும் ஒரே வருடத்தில் தகப்பன் ஆனவர்கள், உன் குழந்தையை நினைக்கும்போது என் பையன்தான் கண்ணில் நிற்கிறான், இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உன் வீட்டில் அந்தத் தங்கச்சியிடம் வருத்தப்படாமல் ஒன்று மட்டும் கேட்டு எழுது. குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தார்களா? இங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள், வயிறு போகும்போது தண்ணீரை நிறுத்தக் கூடாது, உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும் என்று. என் கானா நண்பர் ஊரிலும் நம்மைப் போலவே நிறுத்திவிடுவார்களாம். அந்தத் தாயைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை.

பாய் படித்து முடித்தார். முறத்திலிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அண்ணி என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. பார்த்திருக்கலாம். நான் தலை நிமிரவில்லை.

"நான் பதில் எழுதோணுமுங்க அம்மா" என்றார் பாய். "இந்தக் கடுதாசிய வாங்கி வெச்சுட்டு என்ற புள்ளய எப்படிங்க கொஞ்சறது? பொய் எழுதச் சொல்லாதீங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பதிலே எழுதாமல் இருந்துவிடுங்கள், தொலைந்துபோயிற்று என்று இருக்கட்டும் என்று என்னென்னவோ கெஞ்சினேன். அப்போது அண்ணி கதவோரத்திலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தார். அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை.

"உங்கூட்ல எல்லாரும் சௌக்கியம்னு எழுதுங்க பாய். தம்பி கோயிலடியில இருந்து எண்ணிட்டாருன்னு எழுதுங்க. வேற ஒன்னும் எழுத வேண்டாம். அவரே எண்ணிக்குவாரு."

பாய் அம்மாவைப் பார்த்தார். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. பாய் அண்ணனின் கடிதத்தை மடித்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு, "இது உங்களுக்கு வந்ததுங்க, தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கடிதம் வர ஆறு வாரம் ஆனது. நான் தினமும் கம்பெனி வாசலுக்குப் போய்த் தபால்காரரைப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு நாள் ஊசி உடைந்து துணிச் சுருள் முழுக்கக் கோடு விழுந்ததைக் கவனிக்காமல் மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன். கடிதம் வந்தது. எப்போதும் மடிப்பு ஓரம் வரை நெருக்கி எழுதுகிறவர் ஏழெட்டு வரிதான் எழுதியிருந்தார். குளிர் அதிகமாகிவிட்டது. தேர்வு வைகாசியில். அம்மாவின் மூட்டுவலிக்கு மருந்து அனுப்புகிறேன். தாள்கள் கோயிலடியிலிருந்து என்று பாய் எழுதியிருந்தான், திருத்திக்கொண்டேன். அவ்வளவுதான். பையன் என்ன பேசுகிறான் என்று கேட்கவில்லை. நான் படித்து முடித்தும் அண்ணி மேற்கொண்டு ஏதோ வரும் என்பதுபோல் நின்றார். "அவ்வளவுதாங்க அண்ணி" என்றேன். "செரிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அதற்குப் பிறகு பையனைப் பற்றி நானும் எழுதவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. இன்னும் எட்டு மாதப் படிப்பு பாக்கி இருந்தது. அவர் அதை முடித்தார். தெரிந்துகொண்டே எட்டு மாதம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். மற்ற மாணவர்களிடமும் சொல்லவில்லையாம். பதினோராம் வீட்டைப் பற்றி அவர் வகுப்பில் பேசும்போது சிலோன் அம்மா மட்டும் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாராம். பல வருடம் கழித்து அண்ணன் சொன்னார்.

அண்ணன் திரும்பி வந்த நாளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டேஷனுக்கு நானும் பாயும் போனோம். பெட்டியை இறக்கினோம். அம்மா அவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். அண்ணி சாப்பாடு போட்டார். அவரும் சாப்பிட்டார். இரண்டு நாள் சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். மூன்றாம் நாள் காலையில், எல்லாரும் போன பிறகு, அண்ணன் என்னிடம் மிச்சம் இருந்த தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான்கு தாள் இருந்தது. ஒன்றையும் பேனாவையும் என் கையில் கொடுத்து உட்காரச் சொன்னார். அண்ணியைக் கூப்பிட்டு எதிரே இருந்த மரப்பெஞ்சில் உட்காரச் சொன்னார். அம்மா உள்ளறை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் அண்ணியிடம் ஒரு நாளும் "ங்க" போட்டுப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினார். வேலைக்குப் போன வீடுகளில் பேசுகிற குரல்.

"ஊட்ல எத்தனை பேருங்க?"

"நாலு பேருங்க."

தண்ணீர் எங்கிருந்து, கக்கூஸ் உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அண்ணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நான் எழுதினேன். அந்த இடம் வந்தது.

"புள்ளை ஏதாச்சும் தவறுச்சுங்களா?"

"ஒன்னுங்க."

"என்ன வயசுங்க?"

"ஒன்னே கால் தாண்டிருச்சுங்க. நடக்க ஆரம்பிச்சிருந்தானுங்க."

"தண்ணி கேட்டானுங்களா?"

"கேட்டானுங்க. கையக் காட்டுனானுங்க."

"குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

அண்ணன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். அடுத்து அவர் கேட்ட கேள்வி தாளில் இல்லை.

"யாருங்க வேண்டாம்னு சொன்னது?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தன்னைத்தான் கேட்கிறான் என்று நினைத்திருப்பார். என் பேனா தாளில் ஊன்றியபடி நின்றது. மை பரவியது. வாயைத் திறந்தால் போதும். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தாங்க. பயந்துட்டனுங்க."

அண்ணன் என்னைப் பார்த்து, "எழுது" என்றார். "எங்க எழுதறதுண்ணா?" என்றேன். "ஓரத்துல எழுது. வேண்டாம்னு சொன்னது, தாய்." எழுதினேன். அதற்குப் பிறகு அண்ணன் பெஞ்சில் அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் தாளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டேன்.

அவர்களுக்குப் பிறகு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. அண்ணன் தாராபுரம், கணியூர்ப் பக்கமெல்லாம் இருபது வருடத்துக்கு மேல் சுற்றினார். போகிற ஊரில் எல்லாம் ஒரு சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்துக் காட்டினார். தாய்மாரைக் குற்றம் சொல்லக் கூடாது, அவர்கள் பயத்தில் செய்வது என்று கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொல்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் யாரை நினைத்துக்கொண்டு அதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் காரியம் முடிந்த பிறகு ஒரு தடவை அண்ணியிடம் பேச்சை எடுத்தேன். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "நீங்க வாங்கி வெச்சீங்க. நான் எட்டி எடுத்திருக்கலாமுங்க தம்பி. பரண் ஒன்னும் அத்தனை ஒசரமில்லை" என்றார். கொஞ்சம் கழித்து, "எழுதுனது எழுதுனதா இருக்கட்டுங்க" என்றார். போன ஆவணியில் அவரும் போய்விட்டார்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் மை பரவிய இடத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் 'தாய்' என்று இருக்கிறது. அது தப்பு. தாய் தண்ணீர் கொண்டுவந்தார். அந்த இடத்தில் 'சித்தப்பன்' என்று இருக்க வேண்டும்.